முள்ளுச்சீத்தாவுக்கு எங்கள் ஊர்ப் பெயர்

என் தங்கச்சிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. முதல் தடவை மருந்தேற்றி, அவளையும் அவளுடைய மகளையும் ஆரையம்பதியில் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நாலு நாள் வாந்தி. இரண்டாம் கிழமை சீப்போடு முடி கொத்தாக வந்தது. அந்த நேரத்தில்தான் கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய புருஷன் ஒரு வீடியோ அனுப்பினார். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பேசினார். முள்ளுச்சீத்தா என்ற பழம் புற்றுநோயை வேரோடு அறுக்குமாம், ஆஸ்பத்திரிகள் இதை மறைக்கின்றனவாம்.

"அக்கா, இது என்ன பழம்? எங்கட பக்கம் இருக்கா?" என்று தங்கச்சி கேட்டாள்.

நான் பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வரும் சுற்றுநிருபங்களைத் தமிழாக்குவது என் வேலை. ஒரு சொல் பிடிபடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "பொறு, பாத்துச் சொல்றன்" என்றேன்.

பெயரில் சீத்தா இருந்ததால், காத்தான்குடிச் சந்தையில் சீத்தாப்பழம் வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாள் சாப்பிட்டாள். பிறகு வீடியோவைத் திரும்பப் பார்த்தால் அந்தப் பழத்தில் முள் இருந்தது. அதற்குள் அவளுடைய புருஷன், விடுமுறையில் ஊர் வந்த ஒருவரிடம் அந்தப் பழத்தில் செய்ததென்று ஒரு போத்தல் குளிசை மாத்திரை கொடுத்தனுப்பியிருந்தார். போத்தலில் 'கிரவியோலா' என்று இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் 'அனோனா' என்று தொடங்கும் இலத்தீன் பெயர்.

அனோனா என்று வாய்விட்டு வாசித்தேன். உடனே விளங்கிவிட்டது. எங்கள் அன்னமுன்னா. ஆற்றுப் பக்கத்து வேலியோரம் ஒரு மரமே நின்றது. முள்ளுப் பழம் பழுத்து விழுந்து வெடிக்கும், வௌவால் தின்னும். நாங்கள் ஈ மொய்க்குது என்று கூட்டித் தள்ளுவோம்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு முழுக்கதையும் சொன்னேன். அனோனா என்பது கடலுக்கு அப்பால் எங்கேயோ தீவுகளில் இருந்த ஆதிக்குடிகளின் சொல். அவர்களை அழித்த ஸ்பானியர் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயர் கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள். சிங்களவர் அனோதா என்றார்கள், முள் இருப்பதைக் கட்டு அனோதா என்றார்கள். நாங்கள் முன்னால் ஒரு அன்னத்தைச் சேர்த்து எங்களுடைய சொல்லாக்கிவிட்டோம்.

"அந்த நாறல் பழமாக்கா?" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

அடுத்த மருந்துக்குரிய நாள் வந்தது. "அன்னமுன்னா கொஞ்ச நாளைக்குக் குடிச்சுப் பாப்பம் அக்கா. பிறகு போவம். அந்த ஊசியை நினைச்சாலே ஓங்காளிக்குது" என்றாள். "சரி" என்றேன். ஆஸ்பத்திரி வாட்டுக்கு டெலிபோன் கோல் எடுத்து, அவளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. அதற்கடுத்த முறையும் அதையே சொன்னேன். காலையில் பழத்தைக் கரைத்து வடித்துக் கொடுப்பேன், பின்னேரம் இலையை அவித்துக் கொடுப்பேன். முடி திரும்ப முளைத்தது. அதைக் கையால் தடவிக் காட்டி, "பாத்தீங்களா?" என்றாள். மருந்து நின்றால் முடி முளைக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

நாலாம் மாதம் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சிங்கள டொக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாளும் என்ன எடுத்தாள் என்று கேட்டார்.

"கட்டு அனோதா" என்றேன்.

அவர் பேனையை வைத்தார். "இந்தக் கிழமை இதைச் சொல்லும் மூன்றாவது ஆள் நீங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை. நுரையீரலுக்குப் போய்விட்டது என்பதை அவளுக்குத் தமிழில் சொல்லும்படி என்னிடம் கேட்டார். சொன்னேன். நான் செய்த மொழிபெயர்ப்புகளில் அதில்தான் ஒரு சொல்லும் பிசகவில்லை.

ஏழு கிழமையில் செத்துப்போனாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு, செத்தவீட்டுக்குக் கட்டாரிலிருந்து வந்திருந்த அவளுடைய புருஷன் குசினி வாசலில் வந்து நின்றார். "பிந்தித் தொடங்கினதுதான் பிழை மச்சாள். முதலே பழத்தைக் கண்டுபிடிச்சிருந்தா தப்பியிருப்பா" என்றார்.

"பழத்தால ஒண்டும் நடக்கல்ல, தம்பி. மருந்தை விட்டதாலதான் போனவள். நான்தான் காய்ச்சல் எண்டு வாட்டுக்குப் பொய் சொன்னது."

"நான் அனுப்பின வீடியோவை அவ நம்பல்ல. 'அக்காவும் சரியெண்டு சொல்றா, அக்கா படிச்ச ஆள்' எண்டுதான் எனக்குச் சொன்னவ" என்றார்.

மகளைக் கூட்டிக்கொண்டு அன்று பின்னேரமே வெல்லாவெளியில் இருக்கும் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளை என்னோடு கதைப்பதில்லை. இரண்டு தரம் போனேன். உள்ளே இருந்துகொண்டே, தான் இல்லை என்று சொல்லச் சொன்னாள்.