இறக்கைக்கு இரண்டு போல்ட்

போன சனிக்கிழமை காலை, கையில் பத்திரிகையோடு பாத்ரூமுக்குப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது சரியில்லை… உட்காரப் பார்த்தேன். கொமட்டின் சீட் என்னையும் ஏற்றிக்கொண்டு இடது பக்கமாகக் கிளம்பிவிட்டது. சுவரைப் பிடித்துத் தப்பினேன். பத்திரிகை வாளிக்குள் விழுந்தது. நல்லவேளை, நான் பத்தி எழுதும் நம்ம பத்திரிகை அல்ல. போட்டிப் பத்திரிகை.

குனிந்து பார்த்தேன். சீட்டைப் பிடித்திருக்கும் இரண்டு பிளாஸ்டிக் போல்ட்டையும் காணோம்.

“ஜோசி, வீட்டுக்குள்ள கள்ளன் வந்திருக்கான்” என்று குரல் கொடுத்தேன்.

“கள்ளன் இல்ல, நான்தான்” என்றாள் என் மனைவி, முன்னறையிலிருந்து. “ரெக்கைக்கு எடுத்தேன். திங்கக்கிழமை புதுசு வாங்கிப் போடுறேன். அதுவரைக்கும் நேரா உக்காருங்க.”

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். நேராக உட்காரச் சொல்வது அவளுக்குப் பழக்கம். ஆனால் இந்த இடத்திலுமா?

என்ன இறக்கை என்று கேட்பீர்கள். ஜோசி ஓய்வு பெற்ற அன்று, பிரியாவிடைக் கூட்டத்தில் யாரோ, “இனி என்ன செய்யப் போறீங்க டீச்சர்?” என்று கேட்டார்கள். எல்லாரும் தோட்டம், கோயில், பேரப்பிள்ளை என்று பதில் சொல்வார்கள் இல்லையா? இவள் மட்டும், “பறக்க விடப்போறேன்” என்றாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வாரம் தபாலில் ஒரு நீளமான பெட்டி வந்தது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

பெட்டிக்குள் ஒரு விமானம், நூற்றுக்கணக்கான துண்டுகளாக இருந்தது. பல்சா என்று ஒரு மரம். அதை மரம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். அவ்வளவு இலேசு. நகம் பட்டாலே பள்ளம் விழும். ஐந்து மாதம் எங்கள் அலுவிகாரை வீட்டின் சாப்பாட்டு மேசை விமான நிலையமாக இருந்தது. நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். ஒட்டினாள், தேய்த்தாள், மஞ்சள் காகிதம் போர்த்தினாள். ஐந்தடி இறக்கை. பெட்டரியில் ஓடும் மோட்டர். கையிலுள்ள ரிமோட்டால் ஓட்ட வேண்டும்.

ஒரு மாதத்துக்கு முன்னால், நாவுலையில் பண்டார என்ற தெரிந்தவரின் அறுவடை முடிந்த வயலில் முதல் தடவை பறந்தது. இறக்கையை விமானத்தின் உடம்போடு கட்டியிருந்தவை வெறும் ரப்பர் பேண்ட்கள். வெயிலில் இளகியிருந்தனவோ என்னவோ… இரண்டாவது திருப்பத்தில் படபடவென்று அறுந்தன. இறக்கை தனியாகக் காற்றில் மிதந்து, பலாவிலை மாதிரி ஆறுதலாக இறங்கியது. உடம்பு? நேரே சேற்றுக்குள், மூக்கைக் குத்தி.

நாவுலையிலிருந்து வீடு வந்ததும் ஜோசி சாப்பாட்டு மேசையை மறுபடி பிடித்துக்கொண்டாள். மூன்று வாரம் திருத்தினாள். திருத்தி முடித்ததும் சொன்னாள்: “இனி ரப்பர் இல்ல. போல்ட்.”

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை மாத்தளை டவுனில் நஸீர் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனோம். நானா, அதாவது அண்ணன்; எங்களுக்கு இருபது வருஷப் பழக்கம். போல்ட் என்றதும் லாச்சியை இழுத்து, பளபளவென்று இரண்டு ஸ்டீல் போல்ட்டை மேசையில் வைத்தார்.

“யானை இழுத்தாலும் வராது டீச்சர்.”

“வரணும் நானா. அதுதான் எனக்கு வேணும்.”

நஸீர் நானா என்னைப் பார்த்தார். நான் பெயின்ட் டின்களைப் பார்த்தேன்.

“பறக்கிறப்போ இறுக்கிப் பிடிக்கணும். விழுந்தா உடைஞ்சு விட்டுடணும்” என்றாள் ஜோசி. “ஸ்டீல் போட்டா போல்ட் அப்படியே இருக்கும், ரெக்கை ரெண்டாப் பிளந்துரும். சொல்லுங்க, விழுந்தா எது உடையணும்? ரெக்கையா, போல்ட்டா?”

“ஒண்டும் உடையப்படாது.”

“அது கடவுள் கையில. எது உடையணும்கிறது மட்டும்தான் என் கையில.”

நானா தாடியைத் தடவினார். “பிளாஸ்டிக் போல்ட் தனியா வாறல்ல டீச்சர். கொமட் சீட்டோட மட்டும்தான் ஈக்கி.”

ஜோசி, “சரி நானா” என்று உடனே வெளியே வந்தாள். அந்தச் ‘சரி’க்கு நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. விளைவு உங்களுக்குத் தெரியும்.

நம் ஊரில் எதை வாங்கினாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி — “ஸ்ட்ரோங்கா?” கதிரை, கதவு, செருப்பு, மாப்பிள்ளையின் உத்தியோகம் எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். எங்கே விட்டுக்கொடுக்கும் என்று கேட்டு ஒரு சாமானை வாங்க வந்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். அவரோடு முப்பத்தொரு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

சனிக்கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் ஆபரேஷன். இறக்கையின் முன்பக்கத்தில் இரண்டு மரக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை விமான உடம்பிலுள்ள துளைகளுக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும். பின்பக்கத்தை இரண்டு போல்ட் பிடிக்க வேண்டும். அதற்காக உடம்புக்குள்ளே குறுக்காக ஒரு தேக்குத் துண்டை ஒட்டி, அதன் அடியில் நட்டை ஒட்டப் போகிறாள். இறக்கையையும் தேக்கையும் சேர்த்து ஒரே தடவையில் துளை போட வேண்டும். துளை கோணினால் இறக்கை கோணும். இறக்கை கோணினால்… மறுபடி சேறு.

இறக்கையின் இரண்டு நுனியிலிருந்தும் வால்வரைக்கும் நூல் பிடித்து அளந்தோம். இடது பக்கம் ஒரு நூலளவு கூட. தள்ளினோம். இப்போது வலது பக்கம் கூட. பதினோராவது தடவை இரண்டும் சரியாக வந்தன. “அசையாம பிடிங்க” என்று டிரில்லை எடுத்தாள். துளை போடுமுன் மூன்று தடவை அளவுகோல் வைத்துப் பார்த்தாள். கரும்பலகையில் கோடு போட அளவுகோல் கேட்காத கை அது.

“ஜோசி, நான் வேணா போடட்டா?”

“மூச்சு விடாதீங்க.”

விடவில்லை. முதல் துளை. இரண்டாவது துளை. போல்ட்டின் தலை மெல்லிய மரத்துக்குள் அமிழ்ந்துவிடாமல் கீழே ஒரு பிளைவுட் வட்டம். விரலால் திருகி, கடைசி அரைச் சுற்றை மட்டும் ஸ்குரூடிரைவரால் இறுக்கினாள். இறக்கையைப் பிடித்து உலுக்கினாள். விமானம் முழுவதும் ஒரே துண்டாக அசைந்தது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்… எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒன்று இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நாவுலைக்குப் புறப்பட்டோம். கடையை மச்சானிடம் விட்டுவிட்டு நஸீர் நானாதான் வேனில் கூட்டிப்போனார். வயலில் பண்டார காத்திருந்தார். திங்கட்கிழமை தண்ணீர் திறக்கப் போகிறார்கள், இன்றைக்கு விட்டால் அடுத்த அறுவடைதான் என்று சிங்களத்தில் சொன்னார். போதாததற்கு, வேடிக்கை பார்க்க அரை ஊரே வரப்பில் வரிசையாக நின்றது.

“நீங்கதான் எறியணும்” என்றாள் ஜோசி.

“எறியிறதா?”

“மூக்கை லேசா மேல தூக்கி, நேரா. மாங்காய்க்குக் கல்லெறியிற மாதிரி இல்ல.”

ஓடினேன். விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மஞ்சள் விமானம் தென்னை மர உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. முதல் திருப்பம். இரண்டாவது திருப்பம், போன தடவை பிரிந்த அதே இடம். நானா என் கையைப் பிடித்திருந்தார். நானும் அவர் கையைப் பிடித்திருந்தேன். யார் முதலில் பிடித்தது என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

இறக்கை பிரியாமல் நின்றது.

அதோடு இறக்கியிருக்கலாம். இந்த மனுஷி என்ன செய்தாள் தெரியுமா? விமானத்தை மேலே மேலே ஏற்றி, தலைகீழாகப் புரட்டி, வானத்தில் ஒரு முழு வட்டம் போட்டாள். “யா அல்லாஹ்” என்றார் நானா மெதுவாக. “ஷோக், டீச்சர், ஷோக்” என்று சிங்களத்தில் பாராட்டினார் பண்டார. வரப்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலை சுற்றியது. ஆனால் இன்னொரு தடவை சுற்றினால் தேவலை போலவும் இருந்தது.

இறங்கும்போதுதான் ஒரு சறுக்கல். காற்று தள்ளி, இறக்கை நுனி வரப்பில் மோதியது. ‘டிக், டிக்’ என்று இரண்டு சத்தம். இறக்கை துள்ளி, நெல்லின் அடிக்கட்டைகளின் மேல் மல்லாந்து விழுந்தது. கைதட்டல் நின்றுவிட்டது.

ஜோசி முழங்காலிட்டு ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தாள். காகிதம் கிழியவில்லை. மரத்தில் கீறல் இல்லை. உடைந்தவை இரண்டு போல்ட் மட்டும். அவள் சிரிக்கத் தொடங்கினாள். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“ஆனா, இனிப் போட போல்ட் இல்லையே” என்றேன்.

நஸீர் நானா இருமினார். சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து, ஜோசியின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு பிளாஸ்டிக் போல்ட்.

“கடையில தனியா இல்லன்னு சொன்னீங்களே நானா?” என்றாள் ஜோசி.

“கடையில இல்ல தான்.” குரலைத் தாழ்த்தினார். “நம்மட வீட்டுல மனிசிக்கு இன்னம் தெரியா. வெளிய சொல்லிப் போடாதீங்க.”

சொல்ல மாட்டோம் நானா. பத்தியில் மட்டும்தான்.

உடைந்த துண்டுகளைத் திருகி எடுத்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பூட்டினோம். பெட்டரி தீரும்வரை பறக்கவிட்டாள். கடைசித் தடவை வயலின் அடுத்த கோடியில், பஞ்சு மாதிரி இறக்கினாள். இறக்கியவள் ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டு, ஒவ்வொரு வரப்பாகத் தாண்டித் தாண்டி ஓடினாள். பூசையிலிருந்து அப்படியே வந்த சேலை கணுக்காலுக்கு மேல். பின்னால் அரை ஊர்.

முழங்கால் வலி, படியேற முடியவில்லை என்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அடுத்த தடவை, மருந்துச் சீட்டில் அந்த வயலையும் எழுதித் தரச் சொல்லப் போகிறேன்.