எர்னெஸ்தோவின் முதுகில் விழாத அடி

சகோதரங்களே, ஒரு மனிதனின் கை உடைய வேண்டும் என்று நான் ஐந்து மாதம் மன்றாடினேன். மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் நின்று, ஒழுங்காகத்தான் கேட்டேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சங்கீதங்களில் பகைவனைச் சபிக்கிற இடங்களை மட்டும் மனைவி ரீட்டாவை வாசிக்கச் சொல்லி, ஆமென் போடுவேன்.

அந்த மனிதன் எர்னெஸ்தோ. எல் சல்வடோர்க்காரன். பிரெஞ்சு பேசுகிற செயின்ட்-மிஷேலில் நான் வேலை செய்த, பாண் சுடுகிற பக்டரியின் மேற்பார்வையாளன். போன நவம்பரில், ஏணி எடுக்க நேரமில்லை, பெட்டிகளுக்கு மேலே ஏறு என்றான். ஏறினேன். விழுந்தேன். வலது தோள் போனது. கந்தோரில் அவன் சொன்னது வேறு. நானாகவே ஏறினேனாம், தோளில் ஒன்றுமில்லையாம், நடிக்கிறேனாம். நட்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. ரீட்டாதான் எனக்குச் சட்டை போட்டுவிட்டாள். நாற்பத்தெட்டு வயதுக் குழந்தை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன், சத்தம் கேட்கக் கூடாதென்று.

எங்கள் தமிழ்ப் பூசை முடிய, அதே கோவிலில் சல்வடோர்க்காரரின் ஸ்பானியப் பூசை. எர்னெஸ்தோ முன் வரிசை வாங்கில் இருப்பான். அவனைக் காணக் காண என் பக்தி கூடியது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத் திங்கட்கிழமையில் அவர்களின் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு உடுப்பும் முகமூடியும் போட்ட பேய்கள் சவுக்கோடு வருவார்கள். முன்னால் வந்து நிற்பவருக்கு அடி. அடி வாங்கினால் பாவம் போகுமாம். கடைசியில் இயேசு வேடம் போட்டவர் வர, பேய்கள் தரையில் விழ வேண்டும். இங்கே அதைக் கோவில் கார் நிறுத்துமிடத்தில் செய்கிறார்கள். இந்த முறை ஒரு பேய்க்குக் காய்ச்சல். பூசை முடிய அவர்களின் சோள ரொட்டி விற்கிற பிளாங்கா அக்கா, உடைந்த பிரெஞ்சில் என்னைப் பிடித்தார்.

"சும்மாதானே நிக்கிறாய். பேயா வாறியா?"

"ஆரையும் அடிக்கலாமோ?"

"முன்னால வந்து நிக்கிற ஆரையும்."

வீட்டுக்குப் பறந்தேன். "ரீட்டா, ஆண்டவர் கேட்டிட்டார். அவனை அடிக்கச் சவுக்குத் தந்திட்டார்."

"தேத்தண்ணிக் கோப்பை தூக்க ஏலாத கை," என்றாள் அவள். "இவர் பேயாம்."

ஒரே ஒரு அடிக்காவது ஆண்டவர் கையை இரவல் தருவார் என்று நம்பிப் போனேன்.

எர்னெஸ்தோ வந்தான். எத்தனையோ பேய்கள் நிற்க, என் முன்னால் வந்து முதுகைக் காட்டினான். இயேசுவே, இப்போது என்று சவுக்கை ஓங்கினேன். கை நெஞ்சு வரை வந்து நின்றுவிட்டது. பல்லைக் கடித்துத் தள்ளினேன். ஏறவில்லை. இடது கைக்கு மாற்றி வீசினேன், என் கணுக்காலில் விழுந்தது. சனம் சிரித்தது. அவன் திரும்பி முகமூடியின் ஓட்டைக்குள் பார்த்தான்.

"செபஸ்தி?"

"ஓம், நான்தான்."

"கை ஏறேல்லையா?"

"ஏறினா நீ இப்ப நிண்டிருக்க மாட்டாய்."

அவன் சிரிக்கவில்லை. என் தோளையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீ நடிக்கிறாய் எண்டு சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டன்," என்றான்.

அதற்குள் இயேசு வந்துவிட்டார். பனிச்சேற்றில் நான் மல்லாக்க விழ, அவர் பனிச் சப்பாத்தோடு என்னைக் கடந்துபோனார். எர்னெஸ்தோதான் இடது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். அடுத்த நாள் காலை அவனே கந்தோருக்குப் போய், ஏறச் சொன்னது நான்தான், வேலை போகும் என்ற பயத்தில் பொய் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தான்.

என் வழக்கைத் திரும்ப எடுத்தார்கள். சிகிச்சை கிடைத்தது. கதிரையில் இருந்து செய்கிற வேலையும் கிடைத்தது. அவனுடைய மேற்பார்வையாளர் பதவி போனது. அதில் எனக்குச் சந்தோஷம் என்று குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மூன்று தரம் சொல்லியாயிற்று, சந்தோஷம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் சங்கீதத்தை இப்போது முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

நெஞ்சில் கறுவிக்கொண்டு இருக்கிறவர்களே, அதை அப்படியே ஆண்டவரிடம் கொண்டு போங்கள். கழுவித் துடைக்கத் தேவையில்லை. என் மன்றாட்டையே கேட்டவர் உங்களுடையதைக் கேளாமல் விடமாட்டார்.

வருகிற பெரிய வாரத்துக்குள் கை முழுதாக ஏறும் என்கிறார் வைத்தியர். என் முன்னால்தான் வந்து நிற்பேன் என்கிறான் எர்னெஸ்தோ. எனக்காக மன்றாடுங்கள்.