நடுக்களத்து டெஸ்ஸுக்கு நூற்றுக்கு நாற்பத்தெட்டு

ஒரு விளையாட்டுக்காரர் தேறுவாரா மாட்டாரா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையில் உள்ள ஒரே வசதி, நாம் சொன்னது பிழை என்று தெரியவர மூன்று மாதம் எடுக்கும் என்பதுதான்.

பரீட்சைத்தாள் திருத்தியவர்கள், நேர்முகத்தேர்வில் மேசைக்கு உட்பக்கம் இருந்தவர்கள், தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போய்விட்டு வந்து வீட்டாருக்கு அறிக்கை கொடுத்தவர்கள் எல்லாருக்கும் இந்த வலி தெரியும். நீங்கள் எல்லாரும் என் கூட்டாளிகள். எழுபதுகளின் நடுவில் மெல்பேணில் நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஒன்றும் தெரியாதவர் தேவை

நான் அப்போது நோபல் பார்க்கில் குடியிருந்து, அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். அங்கே மரவேலை படிப்பித்த ரொன் என்பவர், ஓர் உள்ளூர் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். நம்முடைய உருண்டைப் பந்து ஆட்டத்தை நினைக்க வேண்டாம். இவர்களுடைய பந்து முட்டை வடிவம். அதைக் காலால் உதைக்கலாம், கையால் குத்தியும் கொடுக்கலாம். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். மைதானத்தின் ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனையில் நிற்பவரின் முகம் தெரியாது.

ரொன்னின் கழகம் பத்தொன்பது வருடமாகக் கோப்பை வென்றதில்லை. நடுக்களத்தில் ஆடுபவர்தான் காரணமா என்று அவர்களுக்குள்ளே ஒரு சண்டை. பந்து பெரும்பாலும் அவர் கைவழியாகத்தான் முன்னுக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லைக்கோட்டருகே இருந்து அவரை மட்டும் பார்த்துக் குறிப்பெடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்கென்று ரொன் ஒரு படிவமும் தட்டச்சு செய்திருந்தார். அதன் கடைசி வரியில் ஒரு கேள்வி: இவரை நடுவில் வைத்துக்கொண்டு நாம் கோப்பை வெல்ல முடியுமா? பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று ஆம், மற்றது இல்லை.

எனக்கு இந்த விளையாட்டில் அரிச்சுவடியே தெரியாது என்று ரொன்னிடம் சொன்னேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என்னை இருத்தினார்.

“அதுதான் வேணும். தெரிஞ்சவங்கள் எல்லாரும் பத்தொன்பது வருஷமாப் பிழையாச் சொல்லிக்கொண்டிருக்கிறாங்கள்.”

நூற்றுக்கு எவ்வளவு

அந்த நடுக்கள ஆட்டக்காரரின் பெயர் டெஸ். வயது முப்பது. கிழமை நாட்களில் வீடுகளுக்குத் தண்ணீர்க்குழாய் பூட்டும் வேலை. பதினொரு வருடம் இந்த ஒரே கழகத்துக்கு ஆடியவர். ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. ஆடும் காலம் முடிவதற்குள் ஒன்றாவது வேண்டும் என்பது அவருடைய ஆசை என்று எல்லாருக்கும் தெரியும். அவர் மட்டும் அதை வாய்திறந்து சொன்னதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே முறையில் நான் அவரைத் திருத்தினேன். பந்து அவரிடம் வரும்போதெல்லாம் ஒரு கோடு. அது எங்கள் ஆளிடம் போனால் சரி, எதிராளியிடம் போனால் பிழை. ஆட்டம் முடிய நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டேன். முதற் கிழமை நாற்பத்தாறு. அடுத்தது நாற்பத்தொன்பது. பிறகு நாற்பத்தேழு. ஒவ்வொரு படிவத்திலும் “இல்லை” என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன்.

பயிற்றுநருக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஐந்து வருடமாக டெஸ்ஸை நம்பியிருந்தவர். என் பெயர் அவர் வாய்க்குள் அடங்காததால் என்னைப் புரொபசர் என்றுதான் கூப்பிடுவார். உடைமாற்றும் அறையில், சேறும் வலி எண்ணெயும் கலந்து மணக்கிற இடத்தில், நான் கொடுத்த தாளை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். டெஸ் பந்தை எடுக்கிறானா இல்லையா என்று கேட்டார். எடுக்கிறார், மற்ற எல்லாரையும்விடக் கூட எடுக்கிறார் என்றேன். எடுத்தபிறகுதான் பிரச்சினை என்று விளக்கத் தொடங்கினேன்.

“புரொபசர், ஒரு மனுசனில ஒரு நேரத்தில ஒரு பிழைதான் பாக்கவேணும்.”

என் மனைவி பார்த்த ஒரே ஆட்டம்

நான் சனிக்கிழமைகளில் எங்கே போய் இப்படி நனைந்து வருகிறேன் என்று பார்க்க, மே மாதத்தில் ஒருநாள் பத்மா என்னோடு வந்தாள். மைதானத்தைச் சுற்றி மூக்கை உள்ளே நீட்டிக்கொண்டு கார்கள் நின்றன. நாங்களும் எங்கள் காரை அப்படியே விட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருந்தோம். மழை தூறியது. டெஸ்ஸை விரலால் காட்டிவிட்டு நான் என் கோடுகளைப் போடத் தொடங்கினேன். பத்மா கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள். பார்க்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை.

நான்கு கிழமையாகக் கோடு கோடாய்ப் போட்டும் எனக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது. மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கும்போது டெஸ் பந்தை எப்படியோ பிடுங்கி, பார்க்காமலே சரியான ஆளிடம் கொடுத்துவிடுவார். வெளியில் தனியாக, பக்கத்தில் ஒருவருமில்லாமல் நிற்கும்போதுதான் பந்து பிழையான ஆளிடம் போகும். மூன்றாவது காற்பகுதி முடியும்போது இதைப் பத்மாவிடம் சொன்னேன். அவள் பின்னுவதை நிறுத்தவில்லை.

“ஓம், நானும் பாத்தனான். ஆரும் துரத்தாட்டி அந்த மனுசனுக்குப் பயம் வந்திடுது.”

நான்கு கிழமை வேலை. நான்கு தாள். அவளுக்கு ஒரு சட்டைக் கை பின்னும் நேரம்.

சிட்னியிலிருந்து ஒரு நடுநிலையாளர்

யூன் மாதத்து நீண்ட வார இறுதியில் பத்மாவின் தம்பி சிட்னியிலிருந்து வந்தான். செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். சிட்னிக்காரர்கள் இந்த விளையாட்டை ஆடுவதுமில்லை, பார்ப்பதுமில்லை. அவனுக்கு யார்மீதும் பக்கச்சார்பு இருக்காது என்று நினைத்து, ஒரு பென்சிலும் வெறுந்தாளும் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். இருவருடைய கணக்கும் ஒத்துவந்தால் என் மனம் ஆறும் அல்லவா?

அன்று இரண்டு நாள் மழைக்குப்பின் மைதானத்தின் நடுப்பகுதி நெல்வயல்போல இருந்தது. பந்து சேற்றில் விழும். அதன்மேல் ஒருவர் விழுவார். அவர்மேல் மற்றவர்கள். நடுவர் விசில் ஊதிப் பந்தைத் தோண்டி எடுத்து மேலே எறிவார். அது திரும்பவும் சேற்றில் விழும். மச்சான் ஒரு மணித்தியாலம் தாளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தான். பிறகு மெதுவாக என் பக்கம் சாய்ந்தான்.

“அத்தான், இவை எப்ப விளையாட்டைத் தொடங்குவினம்?”

குசினியில் ஒரு மறுதிருத்தம்

யூன் முடிவோடு கதவு மூடப்படும். அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் வேறு கழகத்திலிருந்து ஓர் ஆளை எடுக்க முடியாது. கிப்ஸ்லாந்துப் பக்கம் ஒரு பால்பண்ணையில் இருந்த இளைஞன் ஒருவன் நடுக்களத்தில் நன்றாக ஆடுகிறான் என்று ரொன் கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். என் கணக்கில் அவனுக்கு நூற்றுக்கு அறுபத்துமூன்று. ரொன் அவனை எடுக்கவேண்டும் என்றார். பயிற்றுநர் டெஸ்தான் வேண்டும் என்றார். கடைசியில் இருவரும் என் கடைசிப் படிவத்தில் எந்தப் பெட்டியில் புள்ளடி விழுகிறதோ அதுவே முடிவு என்று ஒத்துக்கொண்டார்கள். என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசல்மணி அடித்தது. டெஸ் நின்றார். தலைமயிரை நீர் தொட்டு வாரியிருந்தார். கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பத்மா அவரைக் குசினிக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் வடையும் வைத்தாள். அவர் வடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். பிறகு, முந்தின நாள் ஆட்டத்தின் தாளைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். இருபத்தொன்பது தடவை பந்து வந்திருந்தது. பதினான்கு சரி, பதினைந்து பிழை. நாற்பத்தெட்டு. பிழைகளைப்பற்றித்தான் வாதாடப்போகிறார் என்று நான் பதில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பிழைகளைப் பார்க்கவேயில்லை. சரிகளின்மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டு போனார். எட்டாவது சரியில் விரல் நின்றது. அந்தப் பந்தைத் தான் வேறொருவனுக்கு உதைத்ததாகவும், காற்று வளைத்து இவனிடம் கொண்டுபோனதாகவும் சொன்னார். காற்றுக்கு விழுந்த புள்ளி தனக்கு வேண்டாமாம். பன்னிரண்டாவதிலும் நின்றது. அந்தப் பந்து எங்கள் ஆளிடம் போனது உண்மைதான். ஆனால் தான் அதை மிக உயரத்தில் உதைத்ததால் அது இறங்குவதற்குள் எதிராளிகள் இருவர் வந்து அவனை விழுத்தியதையும், அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதையும் நினைவுபடுத்தினார். இரண்டையும் என் பென்சிலாலேயே வெட்டிவிட்டு, பன்னிரண்டை இருபத்தொன்பதால் வகுக்கச் சொன்னார். நாற்பத்தொன்று.

டெஸ் தாளை நேராக மடித்து என் பக்கம் தள்ளினார்.

“இப்பதான் சரி. இதையே அவங்களிட்டக் குடுங்கோ.”

ஒரு புள்ளடி

அவர் போனபிறகு நான் குசினியிலேயே இருந்தேன். படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ பேர் மறுதிருத்தம் கேட்டு வந்திருக்கிறார்கள். தாய்மார் வந்திருக்கிறார்கள். ஒரு தடவை பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே ஆள் அனுப்பியிருக்கிறார். தன் புள்ளியைக் குறைக்கச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. பதினொரு வருட ஆசையை ஒரு மனிதர் இரண்டு பென்சில் கீறில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவரை நடுவில் வைத்து வெல்லாமல் வேறு யாரை வைத்து வெல்வது என்று எனக்குத் தோன்றியது. பத்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, அந்த மனுசன் நல்லவர்தான், ஆனால் பந்துக்கு அது தெரியாதே என்றாள். நான் கேட்கவில்லை. “ஆம்” என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் ரொன் தாளை வாங்கி மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு கீழிருந்து மேலே வாசித்தார். பால்பண்ணை இளைஞனுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நான்காய்க் கிழித்தார். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அந்த விசயத்தில் ரொன் மரவேலைக்காரர், அறுத்த பலகையைத் திரும்ப ஒட்டமாட்டார்.

“நீ கணக்கு வாத்தியார். உன்ர பாடத்தில நாப்பத்தொண்டுக்குப் பாஸா?”

தேவையான அளவு நேரம்

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். டெஸ் அந்தக் குளிர்காலம் முழுவதும் நன்றாகவே ஆடினார். சேறு அவருக்கு உதவியது. சேற்றில் தனியாக நிற்க யாருக்கும் நேரம் கிடைக்காது. எங்கள் கழகம் ஒன்றன்பின் ஒன்றாக வென்று இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது. பயிற்றுநர் என்னைக் கண்ட இடத்திலெல்லாம் கைகொடுத்தார். இறுதி ஆட்டத்துக்கு ஒரு கிழமை முந்தி, அந்தப் பால்பண்ணை இளைஞனின் ஊர்க் கழகம் கோப்பை வென்றுவிட்டது என்று ரொன் சொன்னார்.

இறுதி ஆட்டத்து நாள் நல்ல வெயில். தரை காய்ந்து கட்டாந்தரையாகியிருந்தது. கடைசிக் காற்பகுதி முடியும் தறுவாயில் நாங்கள் நான்கு புள்ளி பின்னுக்கு. நடுக்கம்பங்களுக்கிடையில் ஒரு உதை போனால் ஆறு புள்ளி. நடுக்களத்துக் குவியலிலிருந்து டெஸ் பந்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்கு முன்னால் வெட்டவெளி. பக்கத்தில் ஒருவரும் இல்லை. துரத்துவதற்கும் யாரும் இல்லை. எங்கள் ஆட்கள் மூன்று பேர் முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்கள். டெஸ் ஒருவரைப் பார்த்தார். பிறகு மற்றவரைப் பார்த்தார். பிறகு மூன்றாமவரையும் பார்த்தார். நான் என் மடியைப் பார்த்தேன். மைதானத்தின் மறுபக்கத்தில் எதிரணிக்காரரின் கார்கள் எல்லாம் ஹோன் அடித்தபோதுதான் நிமிர்ந்தேன். பந்து எதிராளியின் நெஞ்சில் இருந்தது. அதன்பிறகு அது எங்களிடம் வரவேயில்லை.

உடைமாற்றும் அறையில் டெஸ் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் இருந்தார். நான் தாளைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, அவரைக் கடந்து கதவுக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். கடைசிப் பந்துக்குக் கோடு மட்டும் இருந்தது. சரியோ பிழையோ போட எனக்குக் கை வரவில்லை. அவர் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டித் தாளைத் திருப்பித் தந்தார்.

“இதையும் எழுதுங்கோ, புரொபசர். பிழை.”

“கேட்ட கேள்விக்கு விடை எழுதவில்லை” என்று இருபது வருடமாகப் பிள்ளைகளின் தாள்களில் சிவப்பு மையால் எழுதிவந்த நான், டெஸ்ஸால் கோப்பை வெல்ல முடியுமா என்று கேட்டவர்களுக்கு, டெஸ் நேர்மையான மனிதரா என்று யாருமே கேட்காத கேள்விக்கான விடையைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.