செலின் விழுங்கிய ‘நம்ம’

பிச்சைமணியின் ஜீப்பில் முன்சீட்டு செலினுக்குத்தான். பத்தொன்பது வருஷமாக அது மாறியதில்லை. விடியும்போதே அனுமந்தன்பட்டியில் கிளம்பி, கம்பம் தாண்டி, கம்பம்மெட்டு மலையில் வளைந்து வளைந்து ஏறுகிற ஜீப் அது. ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் பதினைந்து பேர் அதில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் வளைவிலேயே செலினுக்கு வயிறு புரட்டிவிடும். வேலைக்குப் போன முதல் நாள் அவள் வாந்தி எடுத்தது செல்வமணியின் சேலைமேல். செல்வமணி வாய் ஓயத் திட்டினாள். திட்டிக்கொண்டே ஓடைத் தண்ணீரில் சேலையை அலசினாள். மறுநாள் காலையில், தான் எப்போதும் உட்காருகிற முன்சீட்டிலிருந்து இறங்கி, “ஏறித் தொலை. நான் பின்னால போறேன்” என்றாள். அன்று முதல் மழையானாலும் சாரலானாலும் அவளுக்குப் பின்பலகைதான். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

அப்பேர்ப்பட்ட செல்வமணியைத்தான் செலின் சொல்லால் அடித்தாள். சொன்னது ஒரே ஒரு சொல். அதற்கு முன்னால் வரவேண்டிய இன்னொரு சொல்லை விழுங்கிவிட்டாள். பாவம் அங்கேதான் இருந்தது.

செலின் கெட்டவள் கிடையாது. மகள் மெர்லினுக்கு நாலு வயதாக இருக்கும்போது புருஷன் போய்ச் சேர்ந்தான். ஏலக்காய்க் கறை ஏறிய கையால்தான் மெர்லினைப் படிக்கவைத்தாள். மெர்லினும் படித்து, தேனியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தது. தினமும் பஸ்ஸில் போய்வந்து பிள்ளை இளைத்துப்போனது. செலினுக்கும் முழங்கால் விட்டுப்போய், மலைச் சரிவில் நிற்க முடியவில்லை. மெர்லினே பார்த்து, தேனியில் ஓர் அபார்ட்மெண்டில் வாடகைக்கு வீடு பிடித்தது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்கவேண்டிய சமையலறை. மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது.

குடிபோகிற சனிக்கிழமை மெர்லினுக்கு லீவு கிடைக்கவில்லை.

“எதிர்வீட்டு ஆன்ட்டிகிட்ட எல்லாம் சொல்லிட்டேம்மா. நீ ஒண்ணும் கவலப்படாத” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனது. எல்லாம் என்றால் சாவியும் தண்ணீர் மோட்டாரும் என்று செலின் நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மலைக்குப் போகாமல் மூன்று பேர் வந்தார்கள். செல்வமணி, அவளுக்கு அடுத்த தெருக்காரி பெனிட்டா, ஜீப்பைக் கொண்டுவந்த பிச்சைமணி. யாரும் கூப்பிடவில்லை. முந்தின நாளே செல்வமணி, “அந்த பீரோவ நீ ஒத்தையில தூக்கிருவியாக்கும்?” என்று கேட்டாள், அதுதான் வருகிறேன் என்பதற்கு அவள் பேச்சு. பீரோ, கட்டில், மிக்சி, நாலு மூட்டைத் துணி, மாதா படம் எல்லாம் ஜீப்பில் ஏறின. செல்வமணி தன் மாட்டுப் பாலைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். புது வீட்டில் முதல் பால் தன் வீட்டுப் பாலாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

வாசலிலேயே சண்டை ஆரம்பித்தது. எது முதலில் உள்ளே போவது?

“உப்பும் மஞ்சளும் நெறகொடமும்தான் முதல்ல” என்றாள் செல்வமணி.

“ஏத்தா, இது எங்க வீடு. மாதா படம்தான் முதல்ல” என்றாள் செலின்.

“மாதாவும் உப்புப் போட்டுத்தான திம்பாக? சோத்துக்கு முன்னால உப்பு இருக்கணும்லடி!”

பெனிட்டா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் செலின் மாதா படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொள்ள, செல்வமணி உப்பு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொள்ள, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வலதுகாலை வைத்து வாசலில் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அப்போது மணி ஒன்பது இருக்கும். அதுவரைக்கும் நல்ல நாள்தான்.

பாலை உடனே காய்ச்ச முடியவில்லை. சிலிண்டரில் ரெகுலேட்டர் உட்காரவில்லை. “பீரோவ ஏத்திட்டு வந்து பாக்குறேன்” என்று பிச்சைமணி கீழே போனான். மற்ற இருவரும் கூடப் போனார்கள். செலின் மட்டும் துடைப்பத்தோடு வாசலில் நின்றாள்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜெபா. தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மனைவி. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, வீட்டுக்குள் போடுவதற்கென்றே தனியாக ஒரு செருப்பு. செலினின் கண் முதலில் அந்தச் செருப்பில் விழுந்தது. அப்புறம் தன் பாதத்தில் விழுந்தது. கோவிலுக்குக் கட்டுகிற சேலையைத்தான் கட்டியிருந்தாள். ஆனால் வெடித்த குதிங்காலைச் சேலையா மறைக்கும்?

கீழே இரண்டாம் மாடி வளைவில் பீரோ ஏறிக்கொண்டிருந்தது. சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, வாயில் வெற்றிலை. செல்வமணி மலைக்குப் போகிற கோலத்திலேயே வந்திருந்தாள். “ஏலே பிச்ச, தூக்குடா! கஞ்சி குடிச்சியா இல்லியா?” என்று அவள் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

ஜெபா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மெர்லின் அம்மா, யாரு இவுகள்லாம்?”

“ஆளுக” என்றாள் செலின்.

“ஓ, ஆளுகளா. சரி சரி.”

இவ்வளவுதான். ஆனால் அந்த ‘ஆளுக’ என்கிற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். மலையில் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை காலையில் வந்து, “இன்னைக்கு எத்தன ஆளு?” என்று கேட்பார். அந்த ஆள் கூலி ஆள். சாயங்காலம் ஜீப் கிளம்பும்போது செல்வமணி பின்பலகையில் நின்று, “நம்ம ஆளுக எல்லாம் ஏறியாச்சா?” என்று கத்துவாள். அந்த ஆள் சொந்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ‘நம்ம’தான் இருக்கிறது. அது செலினின் தொண்டை வரைக்கும் வந்தது. ஜெபாவின் செருப்பைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது. ஜெபா ‘சரி சரி’ என்றபோதாவது திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

படியில் பீரோ நின்றுவிட்டது. அதன் ஒரு முனையைப் பிடித்திருந்த செல்வமணி நிமிர்ந்து பார்த்தாள். இவள் முகத்தை ஒரு தரம், அந்தம்மா முகத்தை ஒரு தரம். பிறகு வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கினாள். எப்போதும் துப்புகிறவள்.

பீரோ கூடத்துக்கு வந்ததும் கேட்டாள்: “ஓனரம்மா, இத எங்கன எறக்க?”

பெனிட்டா பெரிய வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். செல்வமணி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் சிரிப்பும் பாதியில் நின்றது.

“ஏன்டி மணி இப்பிடி?” என்றாள் செலின்.

“ஆளுக வேற எப்பிடிம்மா கூப்புடுவாக?”

அதற்குப் பிறகு செல்வமணி ஒரு வார்த்தை வம்பு பேசவில்லை. திட்டியிருந்தால் செலினுக்கு உயிர் வந்திருக்கும். அவளோ வேலையைப் பார்த்தாள். கட்டிலைப் பூட்டினாள், கூடத்தை இரண்டு தரம் கழுவிவிட்டாள், பால்கனியில் துணிக்கொடி கட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தாள். செலின் நாற்காலியை இழுத்துப் போட்டு “கொஞ்சம் உக்காருடி” என்றால், “வேல கெடக்கும்மா” என்பாள். தாகம் எடுத்தபோது செலின் செம்பில் தண்ணீர் மோந்து கொண்டுவருவதற்குள், கீழே போய் மோட்டார்க் குழாயில் கையேந்திக் குடித்துவிட்டு வந்தாள். மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறி.

சமையலறையில் தனியாக அகப்பட்டபோது செலின் சமாளிக்கப் பார்த்தாள். “அந்தம்மா சும்மா கேட்டுச்சு மணி. அவுக தப்பா எடுத்துக்கிட்டாக.”

“கேட்டாக, நீ பதில் சொன்ன. அம்புட்டுத்தான. விடு.”

முதலில் நம்மவளை மறைத்தது, இப்போது பழியை அடுத்தவள்மேல் போட்டது. செலினுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

பதினொரு மணிக்கு ஜெபா ஒரு தட்டில் டீ அனுப்பினாள். எவர்சில்வர் டம்ளரில் ஒன்று, காகிதக் கப்பில் மூன்று. டம்ளர் யாருக்கு, கப் யாருக்கு என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. செல்வமணி கப்பை எடுத்துக்கொண்டு, “நல்ல மனுசி. ஆளுகளுக்கும் டீ குடுக்காக” என்றாள். பிச்சைமணிக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. அவன் செலினைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக் குடித்தான். செலின் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். டீ ஆறி ஆடை படிந்தது.

ஒருவழியாக மதியம் ரெகுலேட்டர் உட்கார்ந்தது. செலின் புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். இந்தப் பாலை மூன்று பேரும் குடித்துவிட்டுப் போனால் போதும், பாதி சரியாகிவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஆனால் கூடத்தில் செல்வமணி கயிற்றைச் சுற்ற ஆரம்பித்திருந்தாள். பெனிட்டா தயங்கி, “பால் குடிச்சிட்டுப் போவோம்க்கா” என்றாள்.

“அது வீட்டாளுகளுக்கு. நீ வா.”

செலின் அடுப்படியை விட்டு ஓடிவந்து வாசலை மறித்து நின்றாள். அதே நேரம் பின்னால் ஜெபாவின் குரல்.

“மெர்லின் அம்மா, உங்க கூட்டாளிக எப்ப வருவாக? சோறு ஆறுது.”

செலின் திரும்பினாள். “எந்தக் கூட்டாளிக?”

“என்ன இப்பிடிக் கேக்குறீங்க? உங்க பொண்ணு நேத்து வந்து சொல்லுச்சே. எங்கம்மா கூட ஏலக்காக்குப் போறவுக வருவாக, அவுக இல்லைன்னா நாங்க இல்ல, எனக்கு லீவு இல்ல ஆன்ட்டி, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு. மூணு பேருக்கும் சேத்துப் பொங்கி வச்சிருக்கேன். காலையிலயிருந்து பாக்குறேன், ஆளுகதான் வேல பாக்காக, அவுகளக் காணோம்.”

ஆக, மெர்லின் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. ஏலக்காய், ஜீப், எல்லாம். மறைக்க ஒன்றுமே இருந்திருக்கவில்லை. யாரிடமிருந்து மறைத்தாளோ அந்தம்மா சோறு பொங்கி வைத்துக்கொண்டு கூட்டாளிகளுக்காகக் காத்திருக்கிறாள்.

செல்வமணி கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை. ஆனால் சுற்று மெதுவானது. இந்த ஒரு பதிலில்தான் பத்தொன்பது வருஷமும் நிற்கிறது என்று செலினுக்குத் தெரிந்தது. இன்னொரு தரம் விழுங்கினால் அந்தக் கயிறும் ஜீப்பும் படியிறங்கிப் போய்விடும், திரும்ப வராது.

“இவுகதான்” என்றாள் செலின். “இவுகதாம்மா அவுக. நீங்க கேட்டப்ப நம்ம ஆளுகன்னு சொல்லிருக்கணும். அந்த ‘நம்ம’வ முழுங்கிட்டேன்.”

ஜெபாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு அவள் கண் ஜன்னல் திண்டில் இருந்த மூன்று காகிதக் கப்புகளுக்குப் போனது. முகம் கறுத்துவிட்டது.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. என் கையாலயே இப்பிடிப் பண்ண வச்சுட்டீங்களே.”

செலின் இரண்டு பக்கமும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். தரை பளிச்சென்று இருந்தது. செல்வமணி இரண்டு தரம் கழுவிய தரை.

“ஐயோ, கேஸ் நாத்தம்!” என்று கத்திக்கொண்டு பெனிட்டா அடுப்படிக்கு ஓடிக் கேஸை மூடினாள். பால் பொங்கி, வழிந்து, அடுப்பையே அணைத்திருந்தது. பாத்திரத்தில் பாதிதான் மிச்சம்.

செல்வமணி பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். “எம் மாட்டுப் பாலு! பொங்கத்தான் சொன்னாக, கொட்டவா சொன்னாக? ஒத்த அடுப்பப் பாத்துக்கத் துப்பில்ல, இதுக்கு மூணாவது மாடியில குடித்தனம்” என்று ஆரம்பித்தாள். ஒரு நிமிஷம் மூச்சுவிடாமல் திட்டினாள். செலின் அழுதுகொண்டே அதைக் கேட்டாள். அவ்வளவு நேரமாக அந்தத் திட்டுக்குத்தான் காத்திருந்தாள்.

மிச்சமிருந்த பாலை ஜெபாவையும் சேர்த்து ஐந்து டம்ளரில் அரை அரையாக ஊற்றினார்கள். ஜெபா வீட்டிலிருந்து சோறு வந்தது. எல்லோரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செலின் சாம்பார் ஊற்ற வந்தபோது மட்டும் செல்வமணி, “போதும் ஓனரம்மா” என்றாள். ஜெபா சிரித்தாள். செலினால் சிரிக்க முடியவில்லை.

அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. போனில் கூப்பிட்டாலும் செல்வமணி, “என்ன ஓனரம்மா, கஞ்சி குடிச்சாச்சா?” என்றுதான் ஆரம்பிப்பாள். அப்படிக் கூப்பிடாதே என்று செலின் ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு தரமும் காது மடல் சுடும். ‘ம்’ என்பாள்.

போன மாசம் வண்டன்மேட்டில் பெனிட்டாவின் அக்கா வீட்டு விசேஷம். செலின் பஸ்ஸில் அனுமந்தன்பட்டிக்கு வந்தாள். ஜீப் நிறையப் பெண்கள் ஏறியிருந்தார்கள்; முன்சீட்டு மட்டும் காலியாகக் கிடந்தது. செல்வமணி எப்போதும்போலப் பின்பலகையில் இருந்தாள். செலின் முன்பக்கம் போகவில்லை. நேராகப் பின்னால் வந்து, “தள்ளு” என்று அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏடி, முன்னால போடி. வளைவு வரும்.”

“வரட்டும்.”

முதல் வளைவு தாங்கினாள். இரண்டாவதில் பல்லைக் கடித்தாள். மூன்றாவதில் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது அப்படியே நடந்தது. செல்வமணி விசேஷத்துக்கென்று கட்டியிருந்த பட்டு வேறு.

“பிச்ச, வண்டிய நிறுத்துடா!” என்று செல்வமணி போட்ட சத்தத்தில் மலையே அதிர்ந்தது. “ஓனரம்மா, மரியாதையா முன்னால போய்த் தொலையிறியா இல்லியா?”

செலின் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அவள் சேலையையும் துடைத்துவிட்டாள். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஆனால் இடத்தை விட்டு அசையவும் இல்லை.