யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுதி என்ன ஆகப்போகிறது? அதோடு, நடந்ததில் தப்பு யார் மேல் என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

தொண்ணூறுகளில் காரைக்குடியில் எனக்கு மைக் வேலை. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடியிலிருந்து காணாமல் போன மாடு வரைக்கும் கத்துவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த என் கூட்டாளிக்குக் கண் தெரியாது. என் சத்தம் எந்தத் தெருவில் கேட்கிறது என்பதை வைத்தே எனக்கு டீ சொல்லிவைப்பான். அவன்தான் என்னை ஒரு டீச்சரிடம் இழுத்துக்கொண்டு போனான்.

அந்த டீச்சர் மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில், கண் தெரியாதவர்களுக்காகப் பழைய கதைப் புத்தகங்களைக் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தார். படிப்பவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. எழுதியவர்கள் இறந்து வெகு காலமாகி, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத புத்தகங்கள்தான் எல்லாம். டீச்சர் போட்டது ஒரே கட்டளை. ஒவ்வொரு கேசட்டும் தொடங்கும்போது, "இது யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம்" என்று படிப்பவரே சொல்ல வேண்டும். சிவகங்கையில் கண் தெரியாத பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கடிதம் போட்டு அனுமதி கேட்கக் கூடாதாம். மற்றவர்கள் அதை முணுமுணுத்துவிட்டுக் கதைக்குப் போவார்கள். நான் ஆடித் தள்ளுபடி மாதிரி முழங்குவேன். போதாததற்கு நடுநடுவே, "ஏ தூங்குமூஞ்சி, அடுத்த பக்கம் திருப்பப் போறேன், முழிச்சுக்க" என்று கூட்டாளியை வம்புக்கு இழுப்பேன். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டார்.

ஒரு பெரிய ராஜா கதையில் முதல் பாதியைப் படித்து முடித்திருந்தேன். மீதியை எப்போது படிப்பாய் என்று கூட்டாளி தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு விளம்பரத்துக்காகச் சிங்கம்புணரி போனேன். அங்கே ஒரு டீக்கடை டேப்பிலிருந்து என் குரலே என்னைத் "தூங்குமூஞ்சி" என்று கூப்பிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராஜா மந்திரியைத் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. அது நான்தான் என்றேன். மாஸ்டர் பாய்லரிலிருந்து தலையைத் தூக்காமல், அப்படியானால் நான்தான் அந்த ராஜா என்றார்.

கேசட் அட்டையை வாங்கிப் பார்த்தேன். வாள் பிடித்த ஒரு மீசைக்காரர் படம், கீழே காரைக்குடிக் கேசட் கடை ஒன்றின் முகவரி, அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'நகல் எடுப்பது சட்டப்படி குற்றம்' என்று ஒரு வரி. உள்ளே நானோ யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தொண்டை கிழிய முழங்கிக்கொண்டிருக்கிறேன். இதில் யார் சொல்வதை நம்புவது?

மறுநாள் கூட்டாளியைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். மீதிக் கதையை இனிமேல் படிக்கவே மாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். பூத்தை ரொம்ப நேரம் பூட்டி வைக்க முடியாது, திரும்பலாம் என்றான் அவன். கடைக்காரர் என் கோபத்தை வெகு நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"நீதான தம்பி எடுத்துக்கங்கன்னு சொல்லியிருக்க? எடுத்துக்கிட்டேன்."

"அப்ப அட்டையில குத்தம்னு எதுக்குண்ணே போட்டிருக்கீக?"

"அது எல்லா அட்டையிலயும் வாரதுதான். நான் எங்க அதையெல்லாம் படிச்சேன்."

சொல்லிவிட்டு என் கூட்டாளி பக்கம் திரும்பி, ரெண்டாம் பாகம் இன்னும் வரவில்லை, வந்ததும் அவனுக்குத்தான் முதலில் என்றார்.

என் குரலை, எனக்குத் தெரியாமல், என் கூட்டாளியே காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். டீச்சரிடம் இருப்பது ஒரே கேசட், அது ஆறு பேர் கை மாறி நாடா கசங்கித்தான் தன்னிடம் வந்தது, மறுவாரமே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று, தனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது என்றான்.

"என்கிட்ட கேக்க வேண்டியதுதானடா?"

"கேட்டா ஊரெல்லாம் மைக்குல சொல்லிக் காட்டுவ."

சொல்லியிருப்பேன்தான். நேரே டீச்சரிடம் போனோம். கொடுத்த அனுமதி கொடுத்ததுதான், கடைக்காரர் விற்றுக்கொள்ளட்டும், ஆனால் மற்றவர்களை எடுக்கக் கூடாது என்று தடுக்க அவருக்கு உரிமையில்லை, அந்த வரியை எடுக்கச் சொல்கிறேன் என்றார் டீச்சர். கடைக்காரர் திருடனா இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் நல்லவரா என்றேன். அடுத்த கேசட்டுக்கு லேபிள் எழுத உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி நடக்கும்போது என் குழப்பத்தையெல்லாம் கூட்டாளியிடம் கொட்டினேன். மீதியைப் படித்தால் கடைக்காரர் அதையும் விற்பார். படிக்காவிட்டால் இவனுக்குக் கதை பாதியில் நிற்கும். அனுமதி வரியைச் சொல்லாமல் விட்டால் விடுதிப் பிள்ளைகளுக்குப் போகாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது. நீயே சொல்லுடா, மீதியைப் படிக்கவா வேண்டாமா என்று கேட்டேன்.

"அவரு வித்துட்டுப் போறாரு, நீ இந்தத் தடவையாச்சும் பக்கத்துக்குப் பக்கம் மூக்க உறிஞ்சாமப் படிடா."