படிக்காமல் போட்ட மேற்கோள்

கட்டுரையைக் கண்ணால் காணாமல் பத்மநாதன் மேற்கோள் போடமாட்டான் என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். மற்றவர்கள் ஆசிரியர் பெயர், இதழின் சுருக்கப்பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் என்று யாரோ எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். அவனோ நூலகத்துக்குப் போய், தடித்த தொகுதியை இறக்கி வைத்து வாசித்துவிட்டு வந்துதான் பக்க எண்ணைப் போடுவான். யாழ்ப்பாணத்திலிருந்து உதவிப்பணத்தில் லண்டனுக்கு வந்து, நிக்கல் சேர்மங்களில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தான். எண்பத்து மூன்றாம் ஆண்டு செப்டெம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் உதவிப்பணம் கிடையாது.

யூலையில் கொழும்பு எரிந்தது.

அவனுடைய தம்பி கனகலிங்கம் கொழும்பில், வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கலவரத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. லண்டனிலேயே, ஆர்ச்வேயில் கணவனோடு இருந்த தங்கை செல்வமலரின் வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. பத்மநாதன் காலையிலேயே அங்கே போய்விடுவான். அநேகமாக இணைப்புக் கிடைக்காது. கிடைத்தாலும் மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எப்போதாவது தெரிந்தவர்கள் எடுத்தால் செல்வமலர் பறித்துப் பேசுவாள்.

"முகாமில பாத்தனீங்களோ? கப்பலில யாழ்ப்பாணம் போன ஆக்களுக்குள்ள தம்பி இல்லையோ?"

இல்லை என்பதுதான் எல்லோரும் சொன்னது.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் அவன் கடைசி அத்தியாயத்தை எழுதினான். தன் சேர்மம் ஈரக் காற்றில் சிதையாது என்பதற்கு அவனுக்கு ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது. பழைய ஜெர்மன் கட்டுரை ஒன்று அப்படிச் சொல்வதாக வேறொருவர் எழுதியிருந்த தொகுப்புக் கட்டுரையில் வாசித்திருந்தான். திறந்த காற்றில் வைத்து எடுத்த அவனுடைய அளவீடுகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின்மேல் நின்றன. மூலத்தைப் பார்க்க நூலகத்துக்குப் போகவேண்டும். போன நேரத்தில் தொலைபேசி மணி அடித்தால்? தொகுப்புக் கட்டுரையில் இருந்த எண்களை அப்படியே பார்த்தெழுதினான்.

நவம்பரில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த பரிசோதகர் வயதானவர், மெதுவாகப் பேசுபவர். ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த ஜெர்மன் கட்டுரைக்கு நீங்கள் கொடுத்த பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். அங்கே துணிச் சாயம் பற்றிய கட்டுரை அல்லவா இருக்கிறது?"

"தட்டச்சில் எண் மாறியிருக்கும்" என்றார் பத்மநாதனின் பேராசிரியர், அவசரமாக.

ஓமென்று தலையாட்டினால் போதும். பத்மநாதன் ஆட்டவில்லை.

"நீங்கள் அந்தக் கட்டுரையை வாசித்தீர்களா?" என்று பரிசோதகர் கேட்டார்.

"இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தொகுப்புக் கட்டுரையில் இரண்டு எண்கள் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. உங்களிடமும் அதே பிழை. அதை மன்னிக்கலாம். நான் சரியான பக்கத்தைத் தேடி வாசித்தேன். ஈரம் பட்டால் இந்தச் சேர்மம் சிதையும் என்றுதான் அவர்கள் எழுதியிருக்கிறார்கள்."

ஏன் வாசிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவனும் கொழும்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அளவீடுகளை ஈரம் படாமல் திரும்பச் செய்து, ஆய்வேட்டை மறுபடி சமர்ப்பிக்கும்படி முடிவு வந்தது.

மறுநாள் நூலகத்துக்குப் போனான். அந்தத் தொகுதி கைக்கெட்டும் தட்டிலேயே இருந்தது. அவனுக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மன் மொழியே போதுமாயிருந்தது. நின்ற நிலையிலேயே வாசித்து முடித்தான்.

"தட்டச்சுப் பிழை எண்டு சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்று செல்வமலர் அழுதாள்.

"பிழை எண்ணில மட்டும் இல்லை, மலர்."

பேராசிரியர் நல்லவர். ஆய்வுக்கூடத்தில் இடம் தருகிறேன், வா என்றார். இடம் கொடுத்தவரால் காசு கொடுக்க முடியவில்லை. ஊரில் தனியாக இருந்த அம்மாவுக்கும் காசு அனுப்பவேண்டும். பத்மநாதன் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, லண்டனின் மிச்சம் பகுதியில் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் வேலைக்குச் சேர்ந்தான். ஆறு மாதம் உழைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போகிறேன் என்றான். ஷிப்டுக்கு மேல் ஷிப்ட் வந்தது. ஆய்வேட்டை மறுபடி கொடுப்பதற்கான தவணை முடிந்ததை அறிவிக்கும் கடிதம் வந்த அன்றும் அவன் வேலையில்தான் இருந்தான். தம்பியைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பட்டம் போனதை அம்மாவுக்கு யாரும் எழுதவில்லை; தம்பி போய்விட்டான் என்பதை அவர் ஏற்கவும் இல்லை.

தொண்ணூறுகளில் பெயின்ட் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. திரும்பவும் வெள்ளை அங்கி போட்டான். பெயின்டின் தடிப்பை அளந்து எழுதிக் கொடுப்பான். அங்கே எவரும் எதற்கும் மேற்கோள் கேட்பதில்லை.

அம்மாவை லண்டனுக்கு எடுப்பித்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை அவரை ஹைகேட் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பூசை முடிந்தபின் தவநாயகி என்ற ஊர்க்காரி அம்மாவை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இவன் என்ர மூத்தவன்" என்றார் அம்மா. "ரசாயனத்தில டொக்டர் பட்டம் எடுத்தவன். சின்னவன் கொழும்பில, பாங்கில இருக்கிறான்."

"அப்பிடியே! சின்னவருக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

"இனித்தான் பாக்கவேணும்."

பத்மநாதனுக்கு உண்மை உதடு வரை வந்தது. செல்வமலர் அவனைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். அம்மா தவநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றான் பத்மநாதன் தவநாயகியைப் பார்த்து, யாரும் கேட்காமலே. பிறகு அம்மாவின் குளிர்ச்சட்டையை எடுத்து விரித்துப் பிடித்தான். "வாங்கோ அம்மா, மழை வரப்போகுது."