இரண்டு முறை அடித்து ஓயும் போன்

எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில், ஒரு போன் இருக்கிறது. இந்தக் கனடா ஊரில் வீட்டுப் போன் வைத்திருப்பவனைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தினமும் காலையில், பனி வாரும் வண்டி தெருவில் உறுமிக்கொண்டு போனபிறகு, அது இரண்டு முறை அடித்து ஓய்ந்துவிடும். அதன் சின்னத் திரையில் 'நைனா' என்று பெயர் தெரியும். எங்கள் செஞ்சிப் பக்கத்தில் நைனா என்றால் அப்பா. அவர் இறந்து மூன்றாவது மாதம் நடக்கிறது.

பதறாதீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்பு, கடைசியாக ஊருக்குப் போனபோது, இங்கிருந்து ஓர் இன்டர்நெட் போன் பெட்டியைக் கொண்டுபோனேன். கைக்குள் அடங்குகிற பெட்டிதான். இங்கே ஒன்று, செஞ்சியில் ஒன்று, இரண்டும் ஒரே கணக்கு. அங்கே ஒன்றாம் பொத்தானை அமுக்கினால் இங்கே மணி அடிக்கும், எவ்வளவு பேசினாலும் இலவசம் என்றேன். நைனா நம்பவே இல்லை. "சும்மா குடுக்கறதுக்கு அவன் இன்னா மாமனா, மச்சானா?" என்றார். ஆயுத பூசைக்கு அதற்குப் பொட்டு வைத்தாரே தவிர, அதில் பேசவில்லை. மிஸ்டு கால் கொடுத்தே பழகிய மனுஷன். மாலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டு இரண்டு முறை மணி அடித்து வைத்துவிடுவார். நல்லா இருக்கிறேன் என்று அர்த்தம். நான் எடுக்கக் கூடாது. ஒரு தடவை மறந்துபோய் எடுத்துவிட்டேன். "இன்னாத்துக்குடா எடுத்த? எதுனா ஆயிப்போச்சோன்னு நெஞ்சே நின்னுட்டுது!" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். பின்பக்கத்தில் போர் தண்ணீர் பிடிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு மரியக்கா சிரித்தது எனக்குக் கேட்டது. "பேசாத போனுக்குப் பொட்டு ஒண்ணுதான் கொறச்சலு அண்ணே!" மரியக்கா அவரை அண்ணே என்பார், என்னைத் தம்பி என்பார். நைனா அவரை வாய் நிறைய "ம்மா" என்பார். கூடப் பிறக்காத குறைதான். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்வதற்கு முன் 'போன் செய்யலாமா' என்று செய்தி அனுப்புகிறார். எங்கள் வீட்டிலோ போனை எடுக்காமல் இருப்பதுதான் பேச்சு.

ஜனவரியில் ஒரு நாள் சித்தப்பா மகன் குமார் வாட்ஸாப்பில் கூப்பிட்டான். "பெரியப்பா போயிட்டாருண்ணா. ஒம்போது நாளா விழுப்புரத்துல ஆஸ்பத்திரில வச்சிருந்தோம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு, நீ பேப்பரெல்லாம் உட்டுட்டு ஓடியாந்துடுவன்னு."

"இன்னாடா ஒளர்ற? நேத்துகூட வீட்லருந்து அடிச்சாரேடா!"

"வீடு ஒம்போது நாளா பூட்டிதான் இருக்குதுண்ணா. சாவி என்கிட்டதான் இருக்குது" என்றான்.

இங்கே தங்குவதற்கான என் அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் குடியேற்ற அலுவலகத்தில் கிடக்கிறது. வெளியே போனால் திரும்பி நுழைய முடியாது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொள்ளியை குமார் வைத்தான், ஒரே மகன் நான் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். மறுநாள் காலை ஏழரைக்கு, அதாவது செஞ்சியில் மாலை ஆறுக்கு, போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. என் மனைவி செல்வி தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கல்லில் தோசை கருகியது.

போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள், நல்ல கனிவான குரல். எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "கோளாறு எதுவும் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கே அழைப்பு வருகிறது" என்றாள்.

"அந்த வீட்டில் யாரும் இல்லை."

"நைனா இருக்கிறாரே. ஒரு நாள்கூட விடாமல் அழைக்கிறார்."

"அவர் இறந்துவிட்டார் அம்மா."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. "வருந்துகிறேன். அவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடட்டுமா?" பாவம், அவள் பெட்டியைத்தான் சொன்னாள். வேண்டாம் என்று கத்திவிட்டேன். "அப்படியென்றால் அவர் அழைப்பது உங்களுக்குப் பிரச்சினை இல்லை, சரிதானே?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

மார்ச்சில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். மறுநாள் ஏழரைக்குப் போன் அடிக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது, கூடவே அழுகையும் வந்தது. எட்டரைக்கு அடித்தது. அங்கே அப்போதுதான் ஆறு. இயந்திரக் கோளாறு என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள இனி வழியில்லை. செஞ்சியில் விளக்குப் போடும் நேரம் பார்த்து யாரோ அந்த வீட்டுக்குள் நிற்கிறார்கள். குமாரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். "பூட்டு போட்டாப்பலயே இருக்குதுண்ணா. உள்ளாற போவ ஒரு மாதிரியா இருந்துது, வந்துட்டேன்" என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு ரிசீவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எடுத்தால் இந்த மணி இனி வராமல் போய்விடுமோ என்று பயம். எடுக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

எங்கள் செஞ்சி வீட்டின் சத்தம் கேட்டது. நைனாவின் டேபிள் பேன் கடகடக்கிறது. கூரைத் தகரத்தில் குரங்கு ஓடுகிறது. தூரத்தில் திருவண்ணாமலை பஸ் ஹாரன். மிகப் பக்கத்தில் யாரோ மூச்சுவிடுகிறார்கள்.

"ஹலோ" என்றேன். போனில் என் குரல் அப்படியே நைனாவின் குரல், சித்தப்பாவே ஏமாந்திருக்கிறார். அது அப்போது நினைவில் இல்லை. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"அண்ணே?" என்றார் மரியக்கா, ரகசியம் போல.

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அண்ணே, நீங்களா? கோச்சிக்காதீங்கண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பின்கதவு சாவியக் குடுத்துட்டு சொன்னீங்களே, தம்பி வந்து சேர்ற வரிக்கும் ரெண்டு அடி அடிச்சி வச்சிடும்மான்னு. ஒரு நாளுகூட உடலண்ணே. லைட்டப் போட்டுட்டு அடிச்சிடறேன். தம்பிதான் இன்னும் வரல." குரல் உடைந்தது. "எப்பண்ணே வரும்?"

நான்தான் மரியக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் இதே கேள்வியை என்னிடம் கேட்பார். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருவாம்மா" என்றேன். "நீ அடிச்சிக்கினே இரு."